லெவல் வித்தியாசம் உள்ள நண்பர்கள் ஒரே கேமில் சேர்ந்து விளையாடுவது எப்படி?

"நான் லெவல் 90-ஐத் தாண்டிவிட்டேன், கல்லூரி நண்பர்கள் இப்போதுதான் 15-க்கு வந்திருக்கிறார்கள். சேர்ந்து விளையாட வழி உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நிச்சயம் உண்டு. நான் அதிகம் விளையாடுவது ஃபைனல் ஃபேண்டஸி 14 என்ற ஆன்லைன் கேம் என்பதால் அதை வைத்தே சொல்கிறேன்.

முதலில் நான் செய்த தவறு. என் நண்பன் ஒருவன் புதிதாகச் சேர்ந்தான். சஸ்தாஷா என்ற முதல் டஞ்சனுக்கு (குழுவாகப் போய் எதிரிகளை அடித்து முடிக்கும் இடம்) அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். லெவல் சிங்க், அதாவது பெரிய லெவலை அந்த இடத்துக்கு ஏற்றபடி இறக்கும் முறை, இல்லாமல் உள்ளே போகும் வசதி அதில் இருக்கிறது. அதைப் போட்டுவிட்டேன். வழியில் வந்ததெல்லாம் ஒரே அடியில் விழுந்தது, சில நிமிடங்களில் முடித்துவிட்டோம். "எப்படி மச்சான் இருந்துச்சு?" என்று கேட்டேன். "உன் பின்னாடி ஓடிட்டே இருந்தேன்டா" என்றான். அப்புறம் இரண்டு வாரம் அவன் லாகின் செய்யவே இல்லை. அவனுக்கு உதவுவதாக நினைத்து, அவன் விளையாட வேண்டிய கேமை நானே விளையாடி முடித்திருக்கிறேன்.

அடுத்த முறை சிங்க்கோடு போனோம். டஞ்சனுக்கு ஏற்றபடி கேம் என் லெவலை இறக்கிவிடும். அதற்கு மேல் கற்ற திறன்கள் பட்டியில் இருந்தாலும் வேலை செய்யாது. காயம் ஆற்றும் என் ஒயிட் மேஜ் லெவல் 45-ல் கற்ற ஹோலி என்ற தாக்கும் மந்திரமும் போச்சு. கையில் மிஞ்சியது கல், காற்று என்ற ஆரம்பகால மந்திரங்களும், காயம் ஆற்றும் க்யூரும்தான்.

ஆனால் சிங்க் லெவலைத்தான் சமமாக்கும். எனக்குத் தெரிந்த வழி, பொறி, பாஸ் (பெரிய எதிரி) எல்லாம் தலைக்குள் அப்படியேதான் இருக்கும். சஸ்தாஷாவில் சிவப்பு, நீலம், பச்சை என்று மூன்று பவளங்கள் உண்டு. எதைத் தொட வேண்டும் என்பதற்கான குறிப்பு, அங்கே கிடக்கும் இரத்தக்கறை படிந்த ஒரு துண்டுச் சீட்டில் இருக்கும். தவறான நிறத்தைத் தொட்டால் எதிரிகள் பாய்வார்கள், சரியானதைத் தொட்டால் பாஸ் வரும். எனக்கு அதெல்லாம் தெரியும், ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. அவன் சீட்டைத் தவறவிட்டான், தவறான நிறத்தைத் தொட்டான், அடி வாங்கினான். திரும்பிப் போய்ச் சீட்டைத் தேடிப் படித்தான். "டேய், இதுல எழுதியிருக்குடா!" என்று கத்தினான். அன்றைக்கு இரவு ஒரு மணி வரை விளையாடினோம்.

அதனால், கட்-சீன் (கதைக் காட்சி) வந்தால் காத்திருங்கள். வழியை அவர்களே கண்டுபிடிக்கட்டும், கேட்டால் மட்டும் சொல்லுங்கள். காயம் ஆற்றும் ஹீலர் வேலை இதற்கு நல்லது. பின்னால் நின்று ஆளை உயிரோடு வைத்திருந்தால் போதும், முன்னால் போக அவர்கள் இருக்கிறார்கள்.

எனக்கு இதைவிடப் பிடித்த வழி இன்னொன்று. இந்த கேமில் ஒரே கேரக்டர் எல்லா ஜாப்களையும் (ஒயிட் மேஜ் போன்ற வேலைகளை) கற்கலாம், ஒவ்வொன்றுக்கும் தனி லெவல். கிளாடியேட்டர் என்ற வாள்வீரன் வேலையை லெவல் 1-லிருந்து தொடங்கி, அவன் வரும்போது மட்டும் எடுத்தேன். அவன் இல்லாதபோது தொடவே மாட்டேன். இந்த ஒப்பந்தத்தை மீறினால் ஒரே வாரத்தில் மறுபடி பழைய இடைவெளிதான். உங்கள் நண்பர்கள் இலவச ட்ரையலில் இருந்தால் லெவல் 70 வரை விளையாடலாம். ஆனால் அவர்களால் பார்ட்டி (குழு) உருவாக்க முடியாது, நீங்கள்தான் அழைக்க வேண்டும்.

இன்னும் கேமையே தேர்ந்தெடுக்கவில்லை என்றால் கில்ட் வார்ஸ் 2 பாருங்கள். அதில் எந்த இடத்துக்குப் போனாலும் அந்த இடத்தின் லெவலுக்கு கேமே உங்களை இறக்கிவிடும். எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைனிலும் 2016-லிருந்து யாரும் யாரோடும் போகலாம். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் 2019-ல் பார்ட்டி சிங்க் வந்தது. நீங்கள் ஏற்கெனவே முடித்த குவெஸ்டையும் (கேம் தரும் பணி) நண்பரோடு மறுபடி செய்யலாம். இதற்கெல்லாம் முன்னோடி 2004-ல் வந்த சிட்டி ஆஃப் ஹீரோஸ். அது எதிர்த்திசையில் போனது, சின்ன லெவல்காரரைப் பெரியவருக்குப் பக்கத்து லெவலுக்கு ஏற்றிவிடும்.

பொருள் கொடுப்பதிலும் கை அடக்கம் வேண்டும். நான் அவனுக்குச் செய்து கொடுத்தது ஒரே ஒரு வில், அதுவும் அவன் கேட்ட பிறகு. இப்போது அவன் 63-ல் இருக்கிறான், அந்த வில்லை இன்னும் விற்கவில்லை.