தண்ணீரே படாத ஷாஃப்டில், பேரிங்குக்கு அடியில் துரு வருவது எப்படி?

மோட்டார் பேரிங்கைக் கழற்றினால் இன்னர் ரேஸ் (பேரிங்கின் உள் வளையம்) ஷாஃப்டில் உட்கார்ந்திருந்த இடத்தில் காவி நிறத்தில் பொடி, ஆனால் சீல் நன்றாக இருக்கிறது, தண்ணீர் போக வழியே இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள். சீலை மாற்றிப் பயனில்லை, ஃபிட்டைப் பாருங்கள், அதாவது ரேஸ் ஷாஃப்டில் எவ்வளவு இறுக்கமாக உட்கார்ந்திருக்கிறது என்பதை. இப்படி உரசித் துருப்பொடி வருவதற்கு ஃப்ரெட்டிங் என்று பெயர்.

இறுக்கமாகப் பிடித்திருக்கும் இரண்டு எஃகுப் பரப்புகளும் அசையாமல் இருப்பதாகத்தான் நினைக்கிறோம். பெல்ட் ஒரு பக்கமாக இழுக்கும்போது, ஷாஃப்ட் சுற்றச் சுற்ற அந்தச் சுமை ரேஸின் ஒவ்வொரு பகுதியாக மாறி மாறி விழும், ஒவ்வொரு சுற்றுக்கும் சில மைக்ரான் அளவுக்கு உரசல் நடக்கும். நிமிடத்துக்கு 1440 சுற்று ஓடும் மோட்டாரில் அது ஒரு நாளைக்கு 20 லட்சம் தடவைக்கு மேல்! எஃகின் மேடுகள் ஒட்டிப் பிய்கின்றன, பிய்ந்த துகள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து சிவப்பு ஆக்சைடு ஆகிறது. அசைவு இவ்வளவு சிறியது என்பதால் அந்தப் பொடி வெளியே போக முடியாமல் அங்கேயே அரைபடுகிறது.

ஈரம்தான் காரணம் என்றால் ஈரக் காற்றில் சேதம் கூட வேண்டும் அல்லவா? சோதனைகளில் தெரிந்தது நேர்மாறு: உலர்ந்த காற்றில்தான் எஃகுக்கு அதிகச் சேதம், நைட்ரஜனில் வெகுவாகக் குறைகிறது. இந்தப் பொடியை முதலில் எழுதி வைத்தவர்கள், 1911இல், உலோகச் சோர்வை (திரும்பத் திரும்ப வரும் சுமையால் உலோகம் பலவீனமாவதை) சோதிக்கும் இயந்திரத்தின் பிடிகளில்தான் அதைப் பார்த்தார்கள். அங்கேயும் தண்ணீர் இல்லை.

பொடியைத் துடைத்துவிட்டுப் போய்விடாதீர்கள் என்று அழுத்திச் சொல்கிறேன். ஃப்ரெட்டிங் நடந்த இடத்தில் மயிரிழை விரிசல் பிறக்கும், ஷாஃப்ட் சோர்வைத் தாங்கும் வலிமை பாதி அளவுக்கும் கீழே இறங்கலாம். ரயில் அச்சில் சக்கரம் இறுக்கிப் பொருத்தியிருக்கும் இடத்தை இன்றும் அல்ட்ராசோனிக் கருவியால் சோதிப்பது இந்தப் பயத்தினால்தான்.

சரி, என்ன செய்வது? ஷாஃப்டை மைக்ரோமீட்டரால் நாலைந்து இடத்தில் அளந்து, பேரிங் கம்பெனி சொன்ன ஃபிட்டோடு ஒப்பிடுங்கள். சுமை ஒரே பக்கம் இருந்து ஷாஃப்ட் சுற்றினால் இன்னர் ரேஸ் இறுக்கமாகத்தான் இருக்க வேண்டும், கையால் தள்ளி உள்ளே போனால் தப்பு. தேய்ந்த ஷாஃப்டில் சென்டர் பஞ்ச் (கூர்முனை உளி) குத்தி மேடாக்கும் பழக்கம் பல பட்டறைகளில் உண்டு, தயவுசெய்து வேண்டாம்: நாலு புள்ளி மட்டும் ரேஸைத் தாங்கும், அவை சீக்கிரம் நசுங்கும், அப்புறம் உரசல் முன்பைவிட மோசமாகும். மெட்டல் ஸ்பிரே செய்து (உருகிய உலோகத்தைத் தெளித்து) கிரைண்ட் செய்வது நல்லது, தேய்வு குறைவென்றால் ரிடெய்னிங் காம்பவுண்ட் (இடைவெளியை நிரப்பி இறுகும் பசை) போதும்.

பக்கத்தில் ஸ்டாண்ட்பை பம்ப் சும்மா நின்றால் அதையும் கவனியுங்கள். ஓடும் பம்பின் அதிர்விலேயே, நிற்கும் பம்பின் பேரிங் பந்துகள் நின்ற இடத்தில் உரசி, பந்துக்குப் பந்து உள்ள இடைவெளியிலேயே ரேஸில் குழி விழும். இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டுங்கள், முடியாவிட்டால் வாரம் ஒருமுறை கரண்டைத் துண்டித்துவிட்டு ஷாஃப்டைக் கையால் சில சுற்று சுற்றி, முன்பு நின்ற நிலையிலிருந்து தள்ளி நிறுத்துங்கள்.