மரமும் மெருகும்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: அப்பாவின் தேக்கு மேசைக்கு ஐப்பசியில் வார்னிஷ் அடித்தேன். மூன்று நாளாகியும் விரலில் ஒட்டுகிறது, தடவினால் மணல்மணலாக நெருடுகிறது. கடையில் போலிச் சரக்கைக் கொடுத்துவிட்டார்களா?
– வாசகி, ஏற்காடு

பதில்: கடைக்காரரை விட்டுவிடுங்கள் அம்மா. நீங்கள் அடித்த மாதம்தான் கோளாறு. எண்ணெய் வார்னிஷில் முதலில், அதை நீர்க்க வைக்கக் கலந்திருக்கும் டர்பன்டைன் ஆவியாகிப் பறக்கும். அப்புறம் எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு மெல்ல இறுகும். குளிரும் ஈரமும் சேர்ந்தால் இந்த இரண்டாவது வேலை இழுத்துக்கொண்டே போகும். பசை காயாத நேரமெல்லாம் தூசி வந்து உட்காரும். உங்களுக்கு நெருடுவது அதுதான்.

சுரண்டி எடுக்க வேண்டாம். மழை விட்டு நாலு நாள் வெயில் வரட்டும். ஒரு மூலையில் 320 நம்பர் வாட்டர் பேப்பரை (நைசான உப்புத்தாள்) தண்ணீர் தொடாமல் லேசாகத் தேயுங்கள். வெள்ளை மாவாக உதிர்ந்தால் காய்ந்துவிட்டது. தாளில் பிசின்போல் அப்பினால் இன்னும் பொறுங்கள். காய்ந்ததும் முழுவதையும் மரத்தின் ரேகை ஓடும் திசையில் தேய்த்து, டர்பன்டைன் தொட்ட பழைய வேட்டித் துணியால் துடைத்துவிடுங்கள்.

அடுத்த கோட் மெல்லியதாக இருக்கட்டும். பத்துப் பங்கு வார்னிஷுக்கு ஒரு பங்கு டர்பன்டைன். டப்பாவைக் குலுக்காதீர்கள், குமிழி வரும். குச்சியால் மெதுவாகக் கிண்டினால் போதும். வேண்டியதை மட்டும் துணியில் வடிகட்டிக் கிண்ணத்தில் ஊற்றிக்கொள்ளுங்கள். பிரஷின் முடி மூன்றில் ஒரு பங்கு நனைந்தால் சரி. பரப்பிய கையோடு, கிட்டத்தட்ட உலர்ந்த பிரஷின் நுனியால் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை ஒரே இழுப்பு. பிறகு தொடக் கூடாது! ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே குனிந்து பாருங்கள். விட்டுப்போன இடம் மங்கலாகத் தெரியும். நம்மவர்கள் கெடுப்பதே, அரைகுறையாக இறுகியதை மறுபடி நீவித்தான்.

பனி விலகி, பத்து மணிக்கு மேல் ஆரம்பியுங்கள். மாசி வரை பொறுத்தால் இன்னும் நல்லது. இதற்காக 20 கொண்டை ஊசி வளைவிலும் மேசையைச் சேலத்துக்கு இறக்க வேண்டாம், வழியில் படுகிற கீறலுக்குத் தனியாக வேலை வைக்கும்.

எண்ணெய்த் துணிகளைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். குவியலுக்குள் சூடேறித் தானே தீப்பிடிக்கும். கொடியில் விரித்துக் காய விடுங்கள்.

கேள்வி: ஊஞ்சல் பலகைக்கு அரக்கு பாலிஷா, வார்னிஷா?
– வாசகர், அம்மாபேட்டை, சேலம்

பதில்: அரக்கு பாலிஷின் அழகு வார்னிஷுக்கு வராது. ஆனால் ஊஞ்சலில் வியர்வையோடு உட்காருவார்கள், சூடான காபி டம்ளரை வைப்பார்கள். அரக்கில் வெள்ளை வளையம் விழுந்துவிடும். வார்னிஷே அடியுங்கள். சித்திரை வெயிலில் மட்டும் மத்தியானம் பிரஷைத் தொடாதீர்கள், இழுக்கும்போதே இறுகிக் கோடு கோடாக நிற்கும். காலை ஆறு மணிக்கு, மின்விசிறியை நிறுத்திவிட்டு அடியுங்கள்.