ஊசி போட்டது நான். போடச் சொன்னது மருத்துவமனை. பழி யாருக்கு?

கேள்வி: பிளஸ் டூ முடித்து, ஓராண்டு நர்சிங் அசிஸ்டன்ட் பயிற்சி பெற்ற நான், எங்கள் ஊர்த் தனியார் மருத்துவமனையில் மூன்று ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். இரவுப் பணியில் ஒரே ஸ்டாஃப் நர்ஸ் இரண்டு தளங்களைக் கவனிப்பதால், ஊசி போடும் வேலையும் என் தலையில் விழுகிறது. சென்ற மாதம் டியூட்டி டாக்டர் போனில் சொன்னபடி ஒரு முதியவருக்கு ஆன்டிபயாட்டிக் ஊசியை நரம்பில் போட்டேன். உடல் தடித்து, மூச்சுத் திணறி, ஐந்து நாள் ஐ.சி.யு.வில் இருந்து அவர் பிழைத்தார். உறவினர்கள் போலீசில் புகார் கொடுத்திருக்கிறார்கள். "யாரும் சொல்லாமல் நானாகவே போட்டேன்" என்று எழுதித் தந்தால் வேலை நிலைக்கும் என்கிறது நிர்வாகம். கையெழுத்துப் போடலாமா?

பதில்: போடாதீர்கள். போலீசிடம் தருகிற ஒப்புதல் வாக்குமூலத்தை உங்களுக்கு எதிராக நிரூபிக்கச் சட்டம் இடந்தருவதில்லை. ஆனால் முதலாளிக்கு நீங்கள் கைப்பட எழுதித் தரும் கடிதத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. மிரட்டி வாங்கியது என்று பின்னர் வாதிடலாம் என்றாலும், அந்த வாதம் எடுபடும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

படுக்கை விரிப்பது, உணவூட்டுவது, படுக்கைப் புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பது, பெட்பேன் வைப்பது ஆகியவைதான் உங்கள் வேலை. நோயாளியோடு அதிக நேரம் இருப்பவர் நீங்கள் என்பதால் மூச்சுத் திணறலை முதலில் கண்டவரும் நீங்களாகவே இருந்திருப்பீர்கள். ஆனால் மருந்தை நரம்பில் செலுத்துவது, செவிலியர் கவுன்சிலில் பதிவு பெற்றவர் மருத்துவரின் உத்தரவின்பேரில் செய்ய வேண்டிய காரியம். அந்தப் பதிவு இல்லாத உங்களை அதில் இறக்கிவிட்ட நிர்வாகம், தவறு நேர்ந்ததும் கைகழுவ முடியாது.

உச்ச நீதிமன்றம் 1998இல் தீர்ப்பளித்த ஸ்பிரிங் மெடோஸ் மருத்துவமனை வழக்கு உங்கள் நிலைக்கு மிக நெருக்கமானது. டைபாய்டு காய்ச்சலோடு சேர்க்கப்பட்ட சிறுவனுக்கு, தகுதி பெறாத நர்ஸ் ஒருவர் லாரியாகோ ஊசியை நரம்பில் செலுத்த, குழந்தை அப்போதே சரிந்து மூளை பாதிக்கப்பட்டது. ஊசியைத் தாமே போட வேண்டிய மருத்துவர் அதை நர்ஸிடம் விட்டதையும் கணக்கில் கொண்டு, குழந்தைக்கு 12.5 லட்சமும் பெற்றோருக்கு 5 லட்சமும் மருத்துவமனைத் தரப்பு தர வேண்டும் என்பது உறுதி செய்யப்பட்டது. ஆகவே நுகர்வோர் ஆணையத்தில் இழப்பீடு கேட்டால், அந்தச் சுமை முதன்மையாக மருத்துவமனையையே சேரும்.

குற்ற வழக்கு அவ்வளவு எளிதல்ல. "சொன்னார்கள், செய்தேன்" என்பது உங்கள் பொறுப்பைக் குறைக்கலாமே தவிர, முழுதாக நீக்காது. உயிருக்கு ஆபத்து நேர்ந்தது கொடுங்காயம் என்று கருதப்பட்டால், இப்போதைய குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 125(b) பிரிவில் மூன்றாண்டு வரை சிறை விதிக்கலாம். அது ஜாமீனில் விடக்கூடிய குற்றம்தான். முதியவர் இறந்திருந்தால் 106ஆம் பிரிவு வந்திருக்கும். அதில் பதிவு பெற்ற மருத்துவருக்கு உச்சத் தண்டனை இரண்டாண்டு, மற்றவர்களுக்கு ஐந்தாண்டு. இந்தச் சலுகை செவிலியருக்குக்கூட இல்லை என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

எனவே இன்றே, நினைவு மங்குவதற்குள், அன்றிரவு நடந்ததை மணிவாரியாக எழுதுங்கள்: டாக்டரின் அழைப்பு வந்த நேரம், அவர் சொன்ன மருந்தும் அளவும், டெஸ்ட் டோஸ் (ஒவ்வாமை உண்டா என்று பார்க்க முதலில் போடும் சிறிதளவு மருந்து) போடப்பட்டதா, ஸ்டாஃப் நர்ஸ் அப்போது எந்தத் தளத்தில் இருந்தார். போனிலுள்ள அழைப்புப் பதிவையும், டியூட்டி போட்டு வந்த வாட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காதீர்கள். கேஸ் ஷீட்டில் ஊசி போட்டவர் என்ற கட்டத்தில் யார் கையெழுத்து இருக்கிறது என்பதையும் நினைவுபடுத்திப் பாருங்கள். பல மருத்துவமனைகளில் காலையில் வரும் ஸ்டாஃப் நர்ஸே மொத்தமாகக் கையெழுத்திட்டுவிடுவது வழக்கம்; உங்கள் விஷயத்திலும் அப்படியானால் "நானாகவே போட்டேன்" என்ற கதை அந்தக் கட்டத்திலேயே உடைந்துபோகும்.

நிர்வாகத்துக்கு, நடந்ததை மட்டும் கூறி, இனி நரம்பு ஊசி போடும் பணியைத் தர வேண்டாம் என்றும் கேட்டு ஸ்பீடு போஸ்ட்டில் கடிதம் அனுப்பி, அது சேர்ந்ததற்கான சான்றைப் பத்திரப்படுத்துங்கள். விசாரணைக்கு வரச் சொல்லிக் காவல் நிலையத்திலிருந்து நோட்டீஸ் வந்தால் தவறாமல் ஆஜராக வேண்டும். மருத்துவமனை ஏற்பாடு செய்து தரும் வழக்கறிஞரோடு போகாமல், உங்களுக்கென்று ஒருவரை அழைத்துக்கொண்டு போங்கள். வசதி இல்லையென்றால், நீங்கள் பெண்ணாக இருந்தால் அந்த முறையிலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வழக்கறிஞர் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.