மறுமொழி: எல்லோரும் மெரோபெனெம் போட்டே வெல்கிறார்கள்

வணக்கம். கிளிநொச்சியில் உள்ளகப் பயிற்சி மருத்துவர்களுக்காக நீங்கள் செய்த அட்டை விளையாட்டில், பலவகைக் கிருமிகளையும் தாக்கும் வலிமையான நுண்ணுயிர்க்கொல்லியான மெரோபெனெமை முதல் சுற்றிலேயே போட்டு எல்லோரும் வென்றுவிடுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. உங்கள் விதிகளில் அந்த மருந்தைப் போடுவதால் எந்த இழப்பும் இல்லை.

முதலில் நோயாளிகளை மாற்றுங்கள். ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு விவசாயி வருகிறார்: ஐந்து நாள் காய்ச்சல், மண்டையைப் பிளக்கும் தலைவலி. சட்டையைக் கழற்றி அக்குளைப் பார்க்கக் கேட்பவருக்கு மட்டும், சிகரெட்டால் சுட்டது போன்ற கருகிய புண்ணுள்ள அட்டையைக் காட்டுங்கள். அந்தப் புண் உண்ணிக்காய்ச்சலின் அடையாளம். அதற்கு மெரோபெனெம் பலிக்காது, மலிவான டொக்சிசைக்கிளின் கேட்கும். பார்க்காதவர் தோற்கட்டும், அந்தப் பாடம் எளிதில் மறக்காது.

அடுத்து, நீரிழிவுள்ள வயல் தொழிலாளி ஒருவருக்கு, மண்ணிலும் நீரிலும் வாழும் பாக்டீரியாவால் வரும் மெலியோய்டோசிஸ். அங்கே வழக்கமாகப் போடும் நுண்ணுயிர்க்கொல்லியான செப்ட்ரியாக்சோன் போதாது. மெரோபெனெம் சரியான தெரிவு. அதைத் தொடவே அஞ்சும் மருத்துவர்களையும் நாம் உருவாக்கிவிடக் கூடாது. எந்த நுண்ணுயிர்க்கொல்லியும் பலிக்காத டெங்கு நோயாளி ஒருவரையும் இடையில் கலந்துவிடுங்கள்.

மருந்துக்கு முன்பே, எந்தக் கிருமி என்று கண்டறியும் குருதி வளர்ப்புப் பரிசோதனைக்கு மாதிரி எடுத்தவருக்கு மட்டும், 48 மணி நேரச் சுற்றில் முடிவு அட்டை திறக்கட்டும். அதைப் பார்த்துக் அந்தக் கிருமி போன்ற சிலவற்றை மட்டும் தாக்கும் குறுகிய வீச்சுள்ள மருந்துக்கு மாறினால் கூடுதல் புள்ளி. காரணமின்றி மெரோபெனெம் போட்டால், பக்கத்தில் இருப்பவருடைய அடுத்த நோயாளிக்கு, கிருமிகள் எதிர்ப்புத்திறன் பெற்றுவிட்டதால் அது வேலை செய்யாமல் போகட்டும். இந்த ஒரு விதியே மேசையில் பெரிய வாக்குவாதத்தைக் கிளப்பும், அதை நிறுத்தாதீர்கள்.

மாரிமழையோடு எலிக்காய்ச்சல் வருவதற்கு முன்பே ஆடிவிடுங்கள். நோயாளர் விடுதி நிரம்பிவிட்டால் நேரம் கிடைக்காது.