இசைக் கேள்வி – பதில்: ஐந்தாவது சிம்பொனியின் வேகமும் சுருதியும்

கேள்வி: பீத்தோவனின் ஐந்தாவது சிம்பொனி ‘சி மைனர்’ என்று உறையிலேயே இருக்கிறது. கீ (எந்த ஸ்வரத்தை ஆதாரமாக வைத்த ஸ்வர வரிசை), டெம்போ (நிமிடத்துக்கு எத்தனை தட்டு) காட்டும் செயலியில் முதல் பகுதியைப் போட்டால் ஒரு பதிவுக்கு ‘ஈ பிளாட் மேஜர், 100’ என்கிறது. இன்னொரு பதிவுக்கு ‘சி மைனர், 204’ என்கிறது. எது சரி? – வாசகர், கும்பகோணம்

பதில்: கீ விஷயத்தில் உறையை நம்புங்கள். செயலி செய்வது ஸ்வரங்களை எண்ணுவது மட்டும்தான். நடபைரவியின் காந்தாரத்தை ஷட்ஜமாக வைத்து கிரகபேதம் செய்தால் சங்கராபரணம் வரும் அல்லவா? சி மைனருக்கும் ஈ பிளாட் மேஜருக்கும் உள்ள உறவு அதுதான். ஏழு ஸ்வரங்களும் ஒன்றே. போதாக்குறைக்கு, முதல் பகுதியின் தொடக்கப் பிரிவில் ஏறக்குறைய பாதி போனதும் பீத்தோவனே ஈ பிளாட் மேஜருக்குப் போய்விடுகிறார். அந்தப் பிரிவை இரண்டு முறை வாசித்த பதிவில் ஈ பிளாட்டின் பங்கு இன்னும் கூடும், செயலியும் ஏமாறும்.

டெம்போவில் இரண்டு எண்ணும் ஒரே கணக்குதான். தாளம் 2/4. ஒரு பாருக்கு, அதாவது தாளத்தின் ஒரு சுற்றுக்கு, ஒரு தட்டு என்று எண்ணினால் 100, இரண்டு தட்டு என்றால் 200. பீத்தோவன் 1817-இல் வெளியிட்ட மெட்ரோனோம் குறிப்பு ஒரு பாருக்கு ஒரு தட்டு, நிமிடத்துக்கு 108. ஆகவே 204 என்று காட்டியதைப் பாதியாக்கி 102 என்று வைத்து ஒப்பிடுங்கள்.

கேள்வி: என்னிடம் உள்ள ஒரு பழைய பதிவில் முதல் பகுதி 6 நிமிடம். நடத்துனர் கார்லோஸ் கிளைபர் வியன்னா பில்ஹார்மோனிக் இசைக்குழுவுடன் செய்த பதிவில் அது 7 நிமிடம் 20 விநாடிக்கு மேல். கிளைபரைத்தான் எல்லோரும் விறுவிறுப்பு என்கிறார்கள். எப்படி? – வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: கிளைபர் தொடக்கப் பிரிவைத் திருப்பி வாசிக்கிறார். உங்கள் பழைய பதிவில் அது விடப்பட்டிருக்கும். முதல் பகுதியில் 502 பார்கள், திருப்பி வாசிக்க வேண்டிய பிரிவு 124 பார்கள், சேர்த்தால் 626. 502-ஐ 6-ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு 84 பார் கிடைக்கும், 626-ஐ ஏழேகாலுக்குச் சற்று மேலான நிமிடத்தால் வகுத்தால் சுமார் 85. ஒன்றேகால் நிமிடம் நீளமான பதிவுதான் உண்மையில் ஒரு மயிரிழை வேகம்.

இதுவும் சராசரிதான். அந்தப் புகழ்பெற்ற நாலு ஸ்வரத்துக்குப் பிறகு வரும் ஃபெர்மாட்டாவை, அதாவது ஸ்வரத்தை நீட்டிப் பிடிக்கும் இடத்தை, ஒவ்வொரு நடத்துனரும் தன் விருப்பப்படி நீட்டுவார். அப்படிப்பட்ட இடங்கள் பல இருப்பதால் சராசரி எப்போதும் உண்மையான ஓட்டத்தைவிடக் குறைவாகவே வரும். ஓட்டத்தை அளக்கப் பாட்டின் தொடக்கத்தில் ஆரம்பிக்காதீர்கள். ஹார்ன்கள் தனியாக முழங்கி முடித்ததும் வயலின்கள் மெல்லிய மெட்டு ஒன்றைத் தொடங்கும். அங்கே கடிகாரத்தை ஓடவிட்டு, பாருக்கு ஒரு தட்டாக 40 பார் எண்ணுங்கள். 2400-ஐ அந்த விநாடிகளால் வகுங்கள். 25 விநாடி என்றால் 96. 22 விநாடிக்குச் சற்று மேல் என்றால் பீத்தோவன் கேட்ட 108. இந்த இடத்தில் மட்டும் வேகத்தைத் தளர்த்தும் நடத்துனர்களும் உண்டு, பர்ட்வாங்ளர் பாணி அது. ஆகவே கடைசிப் பிரிவிலும் ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள்.

கேள்வி: எல்.பி.யிலிருந்து கணினிக்கு மாற்றிய சிம்பொனி கீபோர்டின் சி-க்கும் சி ஷார்ப்புக்கும் நடுவில் நிற்கிறது. இசைக்குழுவே கூடுதல் சுருதியில் வாசித்ததா? – வாசகர், மதுரை

பதில்: அவ்வளவு கூட வாசிக்க மாட்டார்கள். ஏ = 440, அதாவது ஏ ஸ்வரத்துக்கு விநாடிக்கு 440 அதிர்வு, என்பது பொது அளவு; வியன்னா, பெர்லின் குழுக்கள் 443 அளவில் வாசிப்பதுண்டு. அந்த வித்தியாசம் ஒரு செமிடோனில் (சி-க்கும் சி ஷார்ப்புக்கும் உள்ள இடைவெளி) எட்டில் ஒரு பங்குதான். பழங்கால வாத்தியக் குழுக்கள் பெரும்பாலும் 430-இல் வாசிப்பதால் அவை கீழேதான் இறங்கும். அரை செமிடோன் ஏறியிருக்கிறது என்றால் டர்ன்டேபிள் சுமார் 3 சதவீதம் வேகமாகச் சுற்றியிருக்கிறது.

ஸ்ட்ரோப் தட்டை வைத்துச் சோதிக்கலாம். டர்ன்டேபிள் மேல் சுற்றும் கோடு போட்ட தட்டு அது; வேகம் சரியென்றால் மின்விளக்கின் மினுக்கலில் கோடுகள் அசையாமல் நிற்பதுபோல் தெரியும். நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு, 33⅓ சுற்றுக்கு 180 கோடுகள் உள்ள வட்டம் வேண்டும். 216 கோடு உள்ளது 60 ஹெர்ட்ஸுக்கானது. அதை நம்பித் திருகினால் வேகம் படுத்துவிடும். பல எல்.இ.டி. விளக்குகள் மினுக்காது, அவற்றில் கோடு நிற்பதே தெரியாது. பழைய குண்டு பல்ப் ஒன்றைத் தேடிப் பிடியுங்கள்.

ஏற்கெனவே மாற்றிய கோப்பை ஆடாசிட்டி என்ற ஒலி திருத்தும் மென்பொருளில் திருத்தலாம். சுருதியை மட்டும் இறக்கும் வசதியைத் தொடாதீர்கள். வேகமும் சேர்ந்தே கெட்டிருக்கிறது. வேகமும் சுருதியும் ஒன்றாக மாறும் வசதியில் –2.9 சதவீதம் கொடுங்கள்.

கேள்வி: மைனர் சோகம், மேஜர் மகிழ்ச்சி என்கிறார்கள். இசையமைப்பாளர் மாலரின் ‘அடாஜியெட்டோ’ எஃப் மேஜராமே, பிறகு ஏன் துக்கமாக ஒலிக்கிறது? – வாசகர், கோவை

பதில்: அந்த விதி பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க உதவும், அவ்வளவுதான். மாலரின் ஐந்தாவது சிம்பொனியின் நான்காம் பகுதி இது. தந்தி வாத்தியங்களும் ஹார்ப்பும் மட்டுமே. மனைவி ஆல்மாவுக்கான காதல் மடல் என்று மாலரை நேரில் அறிந்த நடத்துனர் மெங்கல்பெர்க் தம் பிரதியில் எழுதி வைத்தார். அவருடைய 1926 பதிவு சுமார் 7 நிமிடம். மாலரின் உதவியாளராக இருந்த புருனோ வால்டர் 1938-இல் 8 நிமிடத்துக்குள் முடித்தார். பெர்லின் குழுவுடன் ஹைட்டிங்க் செய்த பதிவோ 14 நிமிடத்தை நெருங்குகிறது. 103 பார், பாருக்கு 4 தட்டு: முதலாவதில் நிமிடத்துக்குச் சராசரி 59 தட்டு, கடைசியில் 29. பாதி வேகத்தில் காதல் மடல் இரங்கற்பாவாகிவிடுகிறது. 1968-இல் ராபர்ட் கென்னடியின் இறுதிச் சடங்கில் பெர்ன்ஸ்டைன் இதை வாசித்ததும் அந்தப் பெயரை நிலைநிறுத்தியது. என் ஓட்டு வால்டருக்கு. ஒலிப்பதிவு பழசு என்பதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: பீத்தோவனின் ஐந்தாவது சிம்பொனியில் மூன்றாம் பகுதி முடிந்ததும் போனில் ‘பட்’ என்று அறுந்து நான்காவது தொடங்குகிறது. பதிவின் குறையா? – வாசகர், திருநெல்வேலி

பதில்: இல்லை, செட்டிங்கின் குறை. இரண்டு பகுதிகளும் இடைவெளி இல்லாமல் ஓடவேண்டியவை. டிம்பனி முரசு மெல்லத் தட்டிக்கொண்டே வர, சி மைனரின் இருட்டிலிருந்து டிராம்போன்களோடு சி மேஜர் வெடிக்கும் இடம் அது. ‘கேப்லெஸ்’ (இடைவெளி இல்லாத) இயக்கத்தைப் போடுங்கள், ஒரு பாட்டின் முடிவை அடுத்ததோடு கலக்கும் கிராஸ்ஃபேடையும், வரிசையை மாற்றும் ஷஃபிளையும் அணையுங்கள். ஒலியளவைச் சமன்செய்யும் வசதி பாட்டுக்குப் பாட்டு என்று இருந்தால் ஆல்பம் முழுவதற்கும் என மாற்றுங்கள், அல்லது அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் நான்காம் பகுதியின் முதல் முழக்கம் அடங்கித்தான் கேட்கும்.