லைஃப் கோச் வேலையை முழுநேரத் தொழிலாக எடுத்தால் வாழ்க்கைக்கு ஓர் அர்த்தம் கிடைக்குமா?

கேட்டவர் சென்னையில் ஐடி வேலையில் இருக்கிறார். சம்பளத்துக்குக் குறைவில்லை, ஆனால் எதற்காக உழைக்கிறோம் என்று தெரியவில்லை என்கிறார். நண்பர்கள் எல்லாரும் இவரிடம்தான் மனசுவிட்டுப் பேசுவார்களாம். அதனால் வேலையை விட்டுவிட்டு லைஃப் கோச், அதாவது ஒருவர் தன் முடிவைத் தானே யோசித்து எடுக்கக் கூட இருந்து உதவுகிறவர், ஆகலாமா, அதில் நிறைவு உண்டா என்பது கேள்வி.

உண்டு. காரைக்குடியில் இருந்துகொண்டு சில வருடங்களாக இதைத்தான் தொழிலாகச் செய்கிறேன். இதைவிட மனசுக்குப் பிடித்த வேலை எனக்கு வாய்த்ததில்லை. ஆனால் அந்த நிறைவு எங்கிருந்து வருகிறது என்று சொன்னால்தான் உங்களுக்குப் பயன்படும். அடுத்தவருக்கு வழிகாட்டுவதில் அது வருகிறது என்று பலர் நினைத்து இந்தப் பக்கம் வருகிறார்கள். என் அனுபவத்தில் அப்படி இல்லை.

எங்கள் பக்கம் யோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமே கிடையாது. ஒரு பையன் படிப்பை முடித்தால் அப்பச்சி (அப்பாவை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) ஒன்று சொல்வார், பெரியப்பச்சி ஒன்று சொல்வார், அயித்தை வீட்டில் இருந்து ஒரு போன் வரும். ஒவ்வொருவருக்கும் அவன் எடுக்கும் முடிவில் ஏதோ ஒன்று சிக்கியிருக்கிறது. அப்பச்சிக்குக் கடையை அடுத்து யார் பார்ப்பது என்ற கவலை. பங்காளிக்கு வீட்டில் இருக்கிற பாகம். வெளிநாட்டில் இருக்கிற மகனுக்கு, ஆத்தா இவ்வளவு பெரிய வீட்டில் தனியாகக் கிடக்கிறாளே என்ற பயம். யாரையும் குறை சொல்லவில்லை. பாசம் இருப்பதால்தான் அவர்களால் தள்ளி நின்று கேட்க முடிவதில்லை. நீங்கள் எந்த முடிவுக்கு வந்தாலும் எனக்கு லாபமும் இல்லை நட்டமும் இல்லை, ஆனால் யோசித்து முடிக்கும் வரை கூடவே இருக்கிறேன் என்று சொல்ல ஒரே ஓர் ஆள் தேவைப்படுகிறது. அந்த ஆளாக இருப்பதுதான் இந்தத் தொழில்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். அவர் அனுமதி தந்திருக்கிறார், அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.

ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் ஆச்சி. கணவர் இல்லை, பிள்ளைகள் கடல் தாண்டி இருக்கிறார்கள். பல பங்காளிகளுக்குப் பாகம் உள்ள பழைய வீட்டில் அவர் மட்டும் இருக்கிறார். சென்னையில் ஃபிளாட் பார்த்துத் தருகிறோம், வந்துவிடுங்கள் என்று பிள்ளைகள் நெருக்கினார்கள். போவதா இருப்பதா என்று முடிவெடுக்கத்தான் என்னிடம் வந்தார். உட்கார்ந்ததும், "நீங்களே சொல்லிருங்க, எது நல்லதுன்னு" என்றார்.

நான் சொல்லவில்லை. "இந்த வீட்டுல இருக்கும்போது எப்ப உங்களுக்கு நல்லா இருக்கு ஆச்சி?" என்று மட்டும் கேட்டேன். வெகுநேரம் பேசவில்லை. நானும் பேசவில்லை. (அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டு இருப்பதற்குத்தான் பயிற்சி வேண்டும், கேள்வி கேட்பதற்கு அல்ல.) பிறகு மெதுவாகச் சொன்னார். வீட்டில் கல்யாணம், அறுபதாம் கல்யாணச் சாந்தி என்று பங்காளிகள் கூடும்போது நூறு பேருக்குச் சமையலை முன்நின்று பார்ப்பது அவர். ஆனால் ஓடு மாற்ற, வெள்ளையடிக்க எல்லாரும் போடுகிற பணம் எவ்வளவு, எங்கே போகிறது என்று அவருக்குத் தெரியாது. கல்யாணமாகி வந்த புதிதில் மாமனார் பட்டாலையில் (வீட்டு முன்கட்டுத் திண்ணைக் கூடம்) உட்கார்ந்து ஐந்தொகை, அதாவது வரவு செலவு இருப்புக் கணக்கு, போடுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறார். கூட்டல் பிழையைக்கூட ஒரு தடவை எடுத்துச் சொல்லியிருக்கிறார். "கணக்கு எங்கிட்ட இருந்தா நான் இங்க இருக்கறதுக்கு ஒரு இது இருக்கும்" என்றார்.

போவதா இருப்பதா என்ற கேள்வி அதோடு நின்றுவிட்டது. அடுத்த சில சந்திப்புகளில், பங்காளிகளிடம் இதை எப்படிக் கேட்பது, யாரிடம் முதலில் பேசுவது, மறுத்தால் என்ன செய்வது என்பதை அவரே ஒவ்வொன்றாக யோசித்தார். இப்போது வீட்டுக் கணக்கு அவரிடம் இருக்கிறது. அதனால் ஒரு வீட்டாரோடு மனத்தாங்கலும் வந்தது, அது இன்னும் தீரவில்லை. அது சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு இடமில்லை. முடிவு அவருடையது, அதன் விலையும் அவருடையது. அன்று அவர் முகத்தில் வந்த தெளிவை நான் பார்த்தேன். அந்த மாதிரி ஒரு மணி நேரத்துக்காக எத்தனை வேலையை வேண்டுமானாலும் விட்டுவிட்டு வரலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நோக்கம் என்பது கண்ணை மூடி உட்கார்ந்தால் உள்ளேயிருந்து வந்துவிடும் என்று நம்பி வருகிறவர்களும் உண்டு. எங்கள் ஊர் வரலாறு அதற்கு வேறு பதில் சொல்கிறது. 1942இல் ஜப்பான் படை பர்மாவுக்குள் வந்தபோது, தலைமுறையாக நடந்த கொடுக்கல் வாங்கலை அப்படியே விட்டுவிட்டுத் திரும்பிய குடும்பங்கள் இங்கே ஏராளம். வீடு இருந்தது, தொழில் போய்விட்டது. இனி நாம் யார் என்ற கேள்வி செட்டிநாட்டுக்குப் புதிதில்லை. 1947இல் சென்னையில் நடந்த ஒரு கூட்டத்தில், தனியார் முன்வந்து கல்லூரிகள் தொடங்க வேண்டும் என்று சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. இலட்சுமணசாமி முதலியார் பேசினார். கேட்டுக்கொண்டிருந்த அழகப்பச் செட்டியார் காரைக்குடியில் தொடங்குவதாக அங்கேயே அறிவித்து, அதே ஆண்டில் தொடங்கியும் விட்டார். பிறகு மின்வேதியியல் ஆய்வகம் இங்கே வருவதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். வியாபாரியாக இருந்த அவரை அந்தப் பக்கம் திருப்பியது வெளியிலிருந்து வந்த ஒரு கேள்வி. பதில் மட்டும் அவருடையது. என்னிடம் வருகிறவர்களிடமும் இதைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அவரவர் சூழலில் ஏதோ ஒரு தேவை அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். அதைக் கேட்க விடாமல் மற்ற சத்தங்கள் இருக்கும். சத்தத்தைக் குறைப்பது எங்கள் வேலை.

உங்களுக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன். உங்கள் அர்த்தத்தை வாடிக்கையாளரிடம் தேடாதீர்கள். என்னால்தான் இவர் மாறினார் என்ற எண்ணம் வேண்டியிருந்தால், அவர் உங்களைச் சார்ந்தே இருக்க வேண்டும் என்று மனம் ஆசைப்படத் தொடங்கும். அப்போது நீங்களும் அவர் முடிவில் லாபம் பார்க்கிற இன்னொரு சொந்தக்காரர் ஆகிவிடுவீர்கள். ஒருவர் இனி நான் வர வேண்டியதில்லை என்று சொல்லும் நாளில் சந்தோஷப்பட முடிகிறவருக்குத்தான் இந்தத் தொழில் ஒத்துவரும்.

எல்லை ஒன்றும் இருக்கிறது, இதில் நான் கறாராக இருப்பேன். வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, இருந்து என்ன பயன் என்று ஒருவர் பேசினால் அது கோச்சிங்கில் பேசித் தீர்க்கிற விஷயம் இல்லை. மனநல மருத்துவரிடமோ பதிவுபெற்ற மருத்துவ உளவியலாளரிடமோ அனுப்ப வேண்டும். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416, தமிழிலும் பேசலாம். இந்தியாவில் லைஃப் கோச் என்று போர்டு மாட்டிக்கொள்ள எந்த உரிமமும் தேவையில்லை. யாரும் தடுக்காத தொழில் என்பதாலேயே, எங்கே நிறுத்த வேண்டும் என்பதை நாமே முன்கூட்டி முடிவுசெய்து வைத்திருக்க வேண்டும்.

சான்றிதழைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 1995இல் தொடங்கிய இன்டர்நேஷனல் கோச்சிங் ஃபெடரேஷன் தருவதைத்தான் பரவலாக மதிக்கிறார்கள். முதல் நிலையான ஏசிசிக்கு (அசோசியேட் சர்டிஃபைடு கோச்) 60 மணி நேரப் படிப்பு, 100 மணி நேரம் கோச்சிங் செய்த அனுபவம், அதோடு மூத்த கோச்சிடம் 10 மணி நேர வழிகாட்டல். அடுத்த நிலையான பிசிசிக்கு (புரொஃபஷனல் சர்டிஃபைடு கோச்) 125 மணி நேரப் படிப்பும் 500 மணி நேர அனுபவமும். வார இறுதியில் இரண்டு நாள் உட்கார்ந்தால் கோச் ஆகிவிடலாம் என்று வருகிற விளம்பரங்களை இந்த எண்களோடு வைத்துப் பாருங்கள்.

முதல் சந்திப்பிலேயே எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள். எத்தனை மாதம், எவ்வளவு கட்டணம், எது ரகசியம், எப்போது முடியும் என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும். எங்கள் பக்கம் இதற்கு யாரும் முகம் சுளிப்பதில்லை. கல்யாணத்துக்கே இசைபிடிமானம் என்ற ஒப்பந்தம் எழுதுகிற ஊர், அந்தக் காலத்தில் கடல் கடந்து போகிற ஏஜெண்டுக்குச் சம்பளச் சீட்டு என்ற வேலை ஒப்பந்தம் எழுதிக் கொடுத்த ஊர். பேச்சை எழுதி வைத்தால் உறவு கெடாது என்பது இங்கே உள்ளவர்களுக்குத் தெரியும். கூடப்பிறந்தவரோடும் நெருங்கிய நண்பரோடும் மட்டும் கோச்சிங் வேண்டாம். நீங்கள் எவ்வளவு முயன்றாலும் அவர்கள் முடிவில் உங்களுக்கு அக்கறை இருக்கும்.

வருமானம் நிலைக்கக் காலம் பிடிக்கும். எனக்கு வருகிறவர்களில் பாதிக்கு மேல் சென்னை, சிங்கப்பூர், கோலாலம்பூரில் இருந்து வீடியோவில் பேசுகிறவர்கள். உள்ளூரில் ஒருவர் சொல்லி இன்னொருவர் வருவதற்கு வருடங்கள் ஆகின்றன. எனவே வேலையை இப்போது விடாதீர்கள். மாலையில் இரண்டு பேரோடு தொடங்குங்கள். அதற்கும் முன்னால், காசு கொடுத்து ஒரு நல்ல கோச்சிடம் நீங்களே மூன்று நான்கு மாதம் போய் உட்காருங்கள். எனக்கு எழுதியதையே அவரிடமும் கேளுங்கள். அவர் பதில் சொல்லாமல் காத்திருக்கும்போது உங்களுக்கு என்ன நடக்கிறது என்று கவனித்துவிட்டு, அதன் பிறகு படிப்புக்குப் பணம் கட்டுங்கள்.