ஹோம் தியேட்டரை விற்றுவிட்டு ஸ்டீரியோவுக்கு மாறினால் பின்னால் வருத்தப்படுவோமா?

5.1 ஹோம் தியேட்டரை, அதாவது ஐந்து ஸ்பீக்கரும் ஆழ்ந்த ஒலிக்கான ஒரு சப்வூஃபரும் உள்ள செட்டை, கொடுத்துவிட்டு வெறும் இரண்டு ஸ்பீக்கருக்கு மாறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மாறி மூன்று வருடம் ஆகிறது. வருத்தமில்லை. ஆனால் ஒரு மாதம் சோதித்துப் பார்த்த பிறகுதான் விற்றேன், நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

எங்கள் ஹால் பத்துக்குப் பன்னிரண்டு. சோபா சுவரை ஒட்டி இருப்பதால் பின் ஸ்பீக்கர்களுக்கு இடமே இல்லை. ஒன்றை ஜன்னல் மேலும் மற்றதை ஷோகேஸ் மேலும் ஏற்றி வைத்திருந்தேன். படம் பார்க்கும்போது வசனம் கேட்கவில்லை என்று சத்தத்தைக் கூட்டுவேன், சண்டை வந்ததும் பதறிக் குறைப்பேன். அப்புறம், கீழ்வீட்டு அக்கா வந்து குழந்தை தூக்கத்தில் திடுக்கிட்டு எழுகிறது என்றார். அவர் சொன்னது நியாயம். சப்வூஃபரின் 40 ஹெர்ட்ஸ் ஒலிக்கு அலைநீளம் எட்டரை மீட்டர். கதவைச் சாத்தினாலும் அது தரை வழியாக இறங்கிவிடும்.

அன்று, எல்லா ஸ்பீக்கர்களையும் இயக்கும் பெட்டியான ரிசீவரின் செட்டப் மெனுவில் சென்டர் (நடு ஸ்பீக்கர்), சரவுண்ட் (பின் ஸ்பீக்கர்கள்), சப்வூஃபர் மூன்றும் இல்லை என்று மாற்றினேன். அப்படிச் செய்தால் சென்டருக்குப் போக வேண்டிய வசனத்தை ரிசீவரே இடது, வலது இரண்டுக்கும் சமமாகப் பிரித்து அனுப்பும். நேர் நடுவில் உட்கார்ந்தால் டிவியிலிருந்தே பேசுவது போலிருக்கும்.

என் மனதை மாற்றியது பாட்டுதான். சிடியில் இருப்பதே இரண்டு சேனல். அதை இத்தனை வருடமாக ஐந்து ஸ்பீக்கரிலும் பரப்பிக் கேட்டிருக்கிறேன். முன் ஸ்பீக்கர் இரண்டையும் டிவி அலமாரியிலிருந்து எடுத்து ஸ்டாண்டில் வைத்தேன். சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, ட்வீட்டர் (கீச்சொலி தரும் சிறிய வட்டம்) காதின் உயரத்துக்கு வரும்படி. இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரமோ, அவற்றுக்கும் எனக்கும் ஏறக்குறைய அவ்வளவே. ஒரு கச்சேரி சிடியைப் போட்டேன். பாடுபவர் குரல் நடுவில், ஒரு பக்கம் வயலின், மறுபக்கம் மிருதங்கம். இரண்டு கீர்த்தனைகளுக்கு இடையில் தம்பூரா ஓடிக்கொண்டிருக்க, மிருதங்கக்காரர் சுருதி சேர்க்கக் கல்லால் தட்டும் சத்தம் தனியாகக் கேட்டது. கூடத்துக்கு வந்த அம்மா, "மிருதங்கம் அந்த ஜன்னல்கிட்ட உக்காந்திருக்குடா" என்று சொல்லி, காய் நறுக்குவதை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்த சிடி என்னிடம் பல வருடமாக இருக்கிறது!

இழப்பும் உண்டு. மழைக் காட்சியில் முதுகுக்குப் பின்னால் மழை பெய்வதில்லை. சோபாவின் ஓரத்தில் உட்காருபவருக்கு வசனம் பக்கத்து ஸ்பீக்கரிலிருந்தே வருவதாகத் தோன்றும். சென்டர் ஸ்பீக்கரின் உண்மையான பயன் அங்கேதான். வாரம் நான்கு படம் குடும்பத்தோடு பார்ப்பவர் என்றால் மாறாதீர்கள்.

மாறுவதென்றால், ஆம்ப்ளிஃபையரில் டிவியின் ஒலியை வாங்கிக்கொள்ள எச்டிஎம்ஐ ஏஆர்சி அல்லது ஆப்டிகல் உள்ளீடு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். டிவியின் ஒலி அமைப்பில் பிசிஎம் (சுருக்கிக் குறியேற்றாத சாதாரண டிஜிட்டல் ஒலி) என்று வையுங்கள். குறியேற்றிய டால்பி ஒலியாகவே அனுப்பினால் பெரும்பாலான ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர்களால் அதைப் பிரித்துப் படிக்க முடியாது. முன் ஸ்பீக்கர்கள் நன்றாக இருந்தால் அவற்றை மட்டும் விற்காதீர்கள். நான் இன்றும் அதே ஜோடியில்தான் கேட்கிறேன்.